பட்டியலில் இல்லாதவர்களுக்கு வீடு: ஸ்காட்லாந்துத் தீவுகளின் அனுபவம்

2021-ல் ஸ்காட்லாந்து அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. ஆட்கள் குறைந்துகொண்டே வரும் தீவுகளுக்குக் குடிவருகிற குடும்பங்களுக்கும், ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே இருந்துவிட நினைக்கும் இளைஞர்களுக்கும் 50,000 பவுண்டு வரை தரலாம் என்றது. மொத்தம் 100 பேருக்கு. செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. தீவுகளில் இருந்தவர்கள் கேட்டது வேறு. பணம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் எந்த வீட்டில் இருப்பார்கள்? ஏற்கெனவே இங்கே இருக்கிற பிள்ளைகளுக்கே வீடு இல்லையே? கருத்துக் கேட்பில் போதிய ஆதரவு கிடைக்காமல் 2022-ல் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

ஏறக்குறைய அதே சமயத்தில் மேற்குக் கரையோரம் இருக்கும் ரம் என்ற தீவில் ஊர் அறக்கட்டளை நான்கே நான்கு வாடகை வீடுகளைக் கட்டி, குடியேற ஆள் கேட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 22 பேர் மட்டுமே இருந்த தீவு அது. வந்த விண்ணப்பங்கள் 400-க்கும் மேல். யாருக்கும் பணம் தருவதாகச் சொல்லவில்லை. வீடு இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. ஒதுக்குப்புற ஊர்கள் காலியாவதற்கு அங்கே வாழ யாருக்கும் விருப்பமில்லை என்பதுதான் காரணம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். பல ஊர்களில் விருப்பம் இருக்கிறது, வேலையும் இருக்கிறது, கதவு வைத்த வீடுதான் இல்லை. அப்படியானால் அந்தத் தேவை அரசாங்கக் கணக்கில் ஏன் ஏறுவதில்லை? இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில், இவ்வளவு காலி நிலம் இருக்கும் இடத்தில் வீட்டுக்கு எப்படிப் பஞ்சம் வருகிறது என்ற கேள்வி. நிலம் காலிதான். ஆனால் அது சிலர் கையில் இருக்கிறது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஆட்டு மந்தைகளுக்காகக் குடியானவர்களை வெளியேற்றிய வரலாறு இந்த மலைநாட்டுக்கும் தீவுகளுக்கும் உண்டு. இன்று பார்த்து ரசிக்கிற வெட்டவெளிகளில் பல, ஒருகாலத்தில் ஊர்களாக இருந்தவை. அந்த நிலவுடைமை அமைப்பின் மிச்சம் இன்னும் இருக்கிறது. ஒரு தீவு முழுவதும் ஒரே நிலக்கிழாருக்குச் சொந்தமாக இருக்கும். அவர் கால் ஏக்கர் மனை விற்க மனம் வைக்காவிட்டால் அங்கே ஒரு வீடுகூட எழும்பாது.

அப்புறம், இருந்த வீடுகளும் கைமாறிப் போயின. 1980-ல் வந்த சட்டம், கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பின் வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அந்த வீட்டையே சலுகை விலையில் வாங்கிக்கொள்ள உரிமை தந்தது. குடியிருந்தவர்களுக்கு அது பெரிய நன்மைதான், அதில் சந்தேகமில்லை. ஸ்காட்லாந்து முழுவதும் ஏறக்குறைய 5 லட்சம் பொது வீடுகள் இப்படி விற்கப்பட்டன. நகரத்தில் நூறு வீடு போனாலும் இன்னொரு நூறு மிஞ்சும். ஐந்து கவுன்சில் வீடுகள் மட்டுமே இருந்த கிராமத்தில் நான்கு போய்விட்டால்? வாங்கியவர் வயதாகிக் காலமானதும் வாரிசுகள் விற்றார்கள். தெற்கிலிருந்து வந்த யாரோ விடுமுறைக்காக வாங்கினார்கள். குளிர்காலம் முழுக்க ஜன்னலில் வெளிச்சம் இல்லாத வீடு ஒன்று கூடியது. அந்த உரிமையை ஸ்காட்லாந்து 2016 ஆகஸ்ட் 1 முதல் ரத்து செய்துவிட்டது. போன வீடுகள் திரும்பவில்லை.

சரி, தேவை எவ்வளவு என்று யார் கணக்கிடுகிறார்கள்? ஒவ்வொரு கவுன்சிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் பகுதி முழுவதற்கும் வீட்டுத் தேவை மதிப்பீடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். மக்கள்தொகைக் கணிப்பு, வருமானம், வாடகை, காத்திருப்போர் எண்ணிக்கை எல்லாம் அதில் வரும். பெரிய எண்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். ஆனால் ஹைலேண்ட் கவுன்சிலின் பரப்பு வேல்ஸ் நாட்டைவிடப் பெரிது. ஆர்கைல் அண்ட் பியூட் கவுன்சிலுக்குள் ஆட்கள் வாழும் தீவுகள் மட்டுமே 23. இப்படிப்பட்ட அட்டவணையில் 100 பேர் வாழும் தீவு என்பது தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் எண். அந்த ஊரில் பிள்ளைகளோடு ஒரே ஒரு குடும்பம் வீடில்லாமல் கிளம்பிப் போனால் அட்டவணையில் எதுவும் அசையாது. அந்த ஊரின் தொடக்கப்பள்ளியில் இரண்டு நாற்காலிகள் காலியாகும். மொத்தமே ஆறு நாற்காலிகள் உள்ள பள்ளியில் அது மூன்றில் ஒரு பங்கு.

இதைவிடப் பெரிய கோளாறு காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. பொது வாடகை வீடு வேண்டும் என்றால் விண்ணப்பிக்க வேண்டும். எந்த ஊரில் வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். உங்கள் ஊரில் இருக்கும் இரண்டு பொது வீடுகளிலும் இன்னும் இருபது வருடத்துக்கு யாரும் காலி செய்யப் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் பெயரை எழுதுவீர்களா? கிடைக்கக்கூடிய ஏதாவது ஒரு டவுனின் பெயரை எழுதுவீர்கள், அல்லது விண்ணப்பிக்கவே மாட்டீர்கள். அதிகாரி பட்டியலைப் பார்க்கிறார். இந்த ஊருக்கு யாரும் கேட்கவில்லை. கேட்காத ஊருக்குக் கட்டுவானேன்? கட்டாததால் அடுத்த வருடமும் யாரும் கேட்கவில்லை. வீடு இல்லாததே வீடு தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. இந்த ஒரு சுழலைப் புரிந்துகொண்டால் ஒதுக்குப்புற ஊர்களின் வீட்டுப் பிரச்சினையில் பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

அதனால்தான் ஊர் ஊராக, வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் தனிக் கணக்கெடுப்பு தேவைப்படுகிறது. 1998-ல் ஹைலேண்ட் பகுதியில் தொடங்கி இன்று கம்யூனிட்டீஸ் ஹவுசிங் டிரஸ்ட் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு இந்த வேலையைத்தான் செய்துவருகிறது. ஊர் அறக்கட்டளையோ ஊர் மன்றமோ கேட்டுக்கொண்டால் அவர்கள் படிவம் தயாரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பி, வந்த பதில்களைத் தொகுத்து அறிக்கை தருகிறார்கள்.

வெளி ஆட்கள் எதற்கு, ஊர்க்காரர்களே எடுத்தால் என்ன என்று தோன்றலாம். 80 பேர் வாழும் ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உங்கள் வருமானம் என்ன, மனைவியைப் பிரிந்து தனியாகப் போக நினைக்கிறீர்களா, வாடகை கொடுக்கச் சிரமப்படுகிறீர்களா என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் படிக்கப் போகிறார் என்றால் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள். அதுவும் நீங்கள் குடியிருக்கும் வீடு நிலக்கிழாருடையது, வேலையும் அவரிடம்தான் என்றால், வீட்டுச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று எழுதவே கை தயங்கும். படிவம் மூடிய உறையில் ஊருக்கு வெளியே போவதற்குக் காரணம் இதுதான்.

படிவத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'உங்களுக்கு வீடு வேண்டுமா?' என்று கேட்டால் பயனில்லை. இப்போது எத்தனை பேர் இந்த வீட்டில் இருக்கிறீர்கள், அவர்களில் யாராவது அடுத்த ஐந்து வருடத்துக்குள் தனிக்குடித்தனம் போக வேண்டியிருக்குமா என்று கேட்க வேண்டும். 28 வயதாகியும் பெற்றோர் வீட்டு மாடியறையில் இருக்கும் மகன் அப்போதுதான் கண்ணில் படுவான். குடியிருப்பது வீடா, கேரவனா? அட்லாண்டிக் புயலில் புரண்டுவிடாமல் இருக்க நாலு பக்கமும் கயிறு கட்டி, கயிற்று நுனியில் கான்கிரீட் கட்டி வைத்த கேரவனில் 'இந்த ஒரு குளிர்காலம் மட்டும்' என்று நுழைந்து வருடக்கணக்காக இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறது என்று கணக்கு சொல்லும். கோடையில் வீட்டை விடுமுறை விருந்தாளிகளுக்கு விட வேண்டும் என்று உரிமையாளர் சொல்ல, ஒவ்வொரு ஏப்ரலிலும் மூட்டை கட்டி, அக்டோபரில் திரும்புகிறவர்களும் உண்டு. குளிர்காலத்தில் கேட்டால் அவர்கள் வீடுள்ளவர்கள், கோடையில் கேட்டால் இல்லாதவர்கள். ஒரே நாளில் எடுக்கும் கணக்கில் இவர்கள் சிக்கமாட்டார்கள். 'கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை வீடு மாறினீர்கள்?' என்ற ஒரு கேள்வி போதும்.

ஊரைவிட்டுப் போனவர்களையும் கேட்க வேண்டும். இது பலருக்கும் விசித்திரமாகப் படுகிறது. ஆனால் வீட்டுத் தேவையின் பெரும்பகுதி இப்போது ஊருக்கு வெளியேதான் குடியிருக்கிறது. படிக்கப் போய், திரும்பி வர மனமிருந்தும் வீடில்லாமல் நகரத்திலேயே தங்கிவிட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் மூலமாகப் படிவம் போக வேண்டும். முதலாளிகளிடமும் தனியாகக் கேட்க வேண்டும்: மீன் பண்ணை, விடுதி, சுகாதார நிலையம், பள்ளி, படகுத்துறை. ஆள் எடுத்தும், தங்க இடமில்லாததால் சேராமல் போனவர்கள் எத்தனை பேர்? ஆர்கைல் அண்ட் பியூட் 2023 ஜூனில், ஸ்காட்லாந்திலேயே முதல் கவுன்சிலாக, வீட்டு நெருக்கடி நிலையை அறிவித்தது. வேலைக்கு வர ஒப்புக்கொண்டவர்கள் வீடு கிடைக்காமல் பின்வாங்குவது அங்கே பழகிப்போன சங்கதி.

வயதானவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு அறை வீட்டில் தனியாக இருக்கும் எண்பது வயது மூதாட்டிக்கு வீட்டுத் தேவை இல்லை என்றுதான் சட்டென்று தோன்றும். மாடிப்படி ஏற முடியாத அவருக்கு ஊருக்குள்ளேயே தரைத்தளத்தில் கதகதப்பான ஒரு சின்ன வீடு கிடைத்தால், அந்த நான்கு அறை வீடு ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும். ஒரு வீடு கட்டினால் இரண்டு குடும்பத்தின் தேவை தீரும். கிடைக்காவிட்டால் அவர் கடல் கடந்து, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இல்லத்தில் போய்ச் சேர வேண்டியதுதான். சிறிய ஊர்களில் எத்தனை வீடு என்பதோடு எந்த அளவு, யாருக்கு, வாடகையா சொந்தமா என்பதையும் சேர்த்துக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

அறிக்கை கையில் வந்துவிட்டது, ஆறு வீடுகள் வேண்டும் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டுவது அடுத்த மலை. செங்குத்துப் பாறையும் சதுப்பு நிலமுமான இடத்தில் நல்ல மனை கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் தண்ணீர்க் குழாய், மின்கம்பம், செப்டிக் டேங்க், லாரி திரும்பும் அளவுக்குச் சாலை எல்லாவற்றையும் அந்த ஆறு வீடுகளே சுமக்க வேண்டும். சிமென்ட் முதல் ஜன்னல் கண்ணாடி வரை படகில் வர வேண்டும். காற்று வேகம் கூடினால் படகு ரத்து. கான்கிரீட் போட வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், கூலி ஓடிக்கொண்டிருக்கும். கட்ட வருகிற தச்சரும் பிளம்பரும் எங்கே தங்குவது? வீட்டுப் பஞ்சம் உள்ள ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கும் வீடு கிடைப்பதில்லை. சுவர்ப் பலகைகளைத் தொழிற்சாலையிலேயே தயாரித்துக் கொண்டுவந்து சில நாட்களில் பொருத்திவிடும் முறை இங்கே பிடித்துப்போனதற்கு இதெல்லாம் காரணம்.

நூறு வீடாகக் கட்டிப் பழகிய நிறுவனங்கள் இரண்டு வீட்டுக்காகத் தீவுக்கு வரத் தயங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2016-ல் கிராமப்புறங்களுக்கு 2.5 கோடி பவுண்டும் தீவுகளுக்கு 50 லட்சம் பவுண்டுமாக ஒரு நிதி தொடங்கப்பட்டது. ஊர் அறக்கட்டளைகளே நேரடியாகக் கேட்டு வாங்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. 2032-க்குள் 1,10,000 கட்டுப்படியாகும் வீடுகள், அவற்றில் குறைந்தது 10 சதவீதம் கிராமங்களிலும் தீவுகளிலும் என்பது அரசின் இலக்கு. பத்து சதவீதம் என்று மொத்தமாகச் சொல்லும்போது, அது நகரத்துக்கு அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் கிராமங்களிலேயே தீர்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. கடைக்கோடித் தீவுக்கென்று தனி எண் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

நிலம் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கியா தீவு நல்ல உதாரணம். 2002 மார்ச்சில் தீவுவாசிகள் ஒன்றுசேர்ந்து, பொது நிதியின் உதவியோடு, சுமார் 40 லட்சம் பவுண்டுக்கு அந்தத் தீவையே வாங்கினார்கள். அப்போது மக்கள்தொகை 100-க்கும் கீழே போயிருந்தது. தீவோடு சேர்ந்து வந்த வீடுகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று, சட்டம் குடியிருக்கத் தகுந்தது என்று சொல்லும் குறைந்தபட்சத் தரத்துக்கும் கீழே இருந்தன. அதாவது அங்கே முதல் தேவை புதிய வீடுகளே அல்ல. இருந்த வீடுகளைப் பிரித்து, ஓதத்தை நிறுத்தி, கூரை மாற்றி, குளிர் நுழையாமல் அடைப்பது. வாங்கிய கடனில் 10 லட்சம் பவுண்டை 2004-க்குள் திருப்பிக் கட்டினார்கள். பிறகு, வேறோர் இடத்தில் ஓடி ஓய்ந்த மூன்று பழைய காற்றாலைகளை வாங்கி நிறுத்தினார்கள். மின்கட்டமைப்போடு இணைக்கப்பட்ட, ஊருக்கே சொந்தமான காற்றாலைகள் ஸ்காட்லாந்தில் அவைதான் முதல். அதில் வந்த வருமானம் வீடுகளைப் பழுது பார்க்கவும் உதவியது. 2011 கணக்கெடுப்பில் அங்கே 163 பேர்.

எய்க் தீவு அதற்கு முன்பே, 1997-ல், தீவுவாசிகளும் கவுன்சிலும் ஒரு வனவிலங்கு அமைப்பும் சேர்ந்த அறக்கட்டளையின் கைக்கு வந்தது. அங்கே மாறிய முதல் விஷயம் குத்தகைப் பத்திரம். நாளைக்கே காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையில் யாரும் சொந்தக் காசு போட்டுக் கூரையைச் சரிசெய்யமாட்டார்கள். பத்திரம் நிலைத்ததும் ஆட்களும் நிலைத்தார்கள். அறுபது சொச்சம் பேராக இருந்த ஊர் இன்று நூறைத் தாண்டிவிட்டது.

மல் தீவில் உல்வா ஃபெர்ரி என்ற இடத்தில் கணக்கு இன்னும் நேரடியானது. ஆளில்லாமல் மூடப்படும் நிலையில் இருந்த தொடக்கப்பள்ளியைக் காப்பாற்ற ஊர் அறக்கட்டளை அதன் அருகே இரண்டு வீடுகளைக் கட்டியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

கட்டிய வீடு ஊரின் கையிலேயே இருக்க வேண்டுமே? இல்லாவிட்டால் 1980-க்குப் பிறகு நடந்ததுதான் மறுபடியும் நடக்கும். இதற்கு ஸ்காட்லாந்து சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. சொத்துரிமை நிபந்தனைகள் பற்றிய 2003-ஆம் ஆண்டுச் சட்டம், 'கிராமப்புற வீட்டு நிபந்தனை' என்ற ஒன்றைப் பத்திரத்திலேயே எழுதிவைக்க அனுமதிக்கிறது. உதாரணமாக, 2 லட்சம் பவுண்டு பெறுமானமுள்ள வீட்டை உள்ளூர்க் குடும்பத்துக்கு அறக்கட்டளை 30 சதவீதம் குறைத்து 1,40,000-க்கு விற்கிறது. பத்து வருடம் கழித்து அந்தக் குடும்பம் விற்க நினைக்கிறது. சந்தை விலை 2,50,000 ஆகிவிட்டது. முதலில் அறக்கட்டளையிடம்தான் சொல்ல வேண்டும். 42 நாள் அவகாசம். அறக்கட்டளை அதே 30 சதவீதக் குறைப்போடு 1,75,000-க்கு வாங்கிக்கொண்டு, அடுத்த உள்ளூர்க் குடும்பத்துக்கு அதே விதத்தில் கொடுக்கலாம். விற்கிறவருக்கும் 35,000 லாபம் உண்டு. அந்தச் சலுகை ஊரைவிட்டு வெளியே போவதில்லை. இன்னொரு நுணுக்கமும் இதில் இருக்கிறது. விற்கும்போது முதலில் தன்னிடம் கேட்க வேண்டும் என்ற சாதாரண முன்கொள்முதல் உரிமையை ஒருமுறை வேண்டாம் என்று விட்டால் அதோடு முடிந்தது. இந்த நிபந்தனை அப்படியல்ல. கையில் பணமில்லாமல் அறக்கட்டளை இந்த முறை விட்டுவிட்டாலும், அடுத்த விற்பனையின்போது உரிமை அப்படியே இருக்கும்.

விடுமுறை வீடுகளைப் பொறுத்தவரை, இரண்டாம் வீடுகளுக்கு இருமடங்கு வரை வரி விதிக்கும் அதிகாரம் 2024 ஏப்ரலில் கவுன்சில்களுக்குக் கிடைத்தது. அதனால் கொஞ்சம் பணம் வரும், சில வீடுகள் சந்தைக்கு வரலாம். வசதியுள்ளவர் கூடுதல் வரியைக் கட்டிவிட்டுப் போவார் என்பதால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. சின்ன விவசாய நிலங்களை வைத்திருக்கும் குரோஃப்ட்காரர்கள் சொந்த வீடு கட்ட 38,000 பவுண்டு வரை மானியம் உண்டு; நிலம் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு அது நல்ல உதவி.

கடைசியாகச் சொல்ல வேண்டியது காலக்கெடு பற்றி. கணக்கெடுப்பு முடிந்து, மனை பேசி, திட்ட அனுமதி வாங்கி, நிதி சேர்த்து, கட்டி முடிக்க நான்கைந்து வருடம் ஆவது இங்கே சாதாரணம். அதற்குள் படிவம் நிரப்பியவர்களில் சிலர் காத்திருந்து சலித்துக் கிளம்பியிருப்பார்கள். அவர்கள் போய்விட்டார்கள் என்பதற்காக வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அறிக்கை மேசைக்கு வந்த அன்றைக்கே அடுத்த கணக்கெடுப்புக்கு நாள் குறித்துவிட வேண்டும். முதல் படிவத்தில் 'வீட்டில் உள்ளோர்' என்ற கட்டத்தில் 14 வயது என்று எழுதப்பட்ட பெண்ணுக்கு, சாவி கொடுக்கும் நாளில் 19 வயது ஆகியிருக்கும். அவளுக்கும் இப்போது ஒரு படிவம் கொடுக்க வேண்டும்.